குழந்தையைப் பார்த்துக்கொள்ள வருபவரும் வீட்டுப் பொருள்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியில் லாஸ்பேட்டை, ரெயின்போ நகர், ரெட்டியார்பாளையம் போன்ற பகுதிகளிலும், கடலூரில் மஞ்சக்குப்பம், செம்மண்டலம் பக்கத்திலும், கணவன் மனைவி இருவரும் வேலைக்குச் செல்லும் வீடுகளில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்மணியை அமர்த்துவது வழக்கமாகிவிட்டது. பாகூர், அரியாங்குப்பம், வில்லியனூர், நெல்லிக்குப்பம் என்று சுற்றுப்புற ஊர்களிலிருந்து காலைப் பேருந்தில் வந்து, பெற்றோர் திரும்பும் வரை வீட்டையே பொறுப்பில் எடுத்துக்கொள்ளும் அவரிடம் சம்பளம், நேரம், விடுப்பு ஆகியவற்றை முதல் நாளே பேசிவிடுகிறோம். எந்தப் பொருளை அவர் எடுத்துப் புழங்கலாம், எதைத் தொடக்கூடாது, அவருடைய பொருள்களுக்கு இந்த வீட்டில் என்ன பாதுகாப்பு என்பவற்றை மட்டும் பேசாமல் விட்டுவிடுகிறோம். பிற்பாடு முணுமுணுப்பும் சந்தேகமும் முளைப்பது பெரும்பாலும் அங்கிருந்துதான். அக்கம்பக்கத்துப் பெற்றோரும், இந்த வேலையில் இருக்கும் பெண்கள் சிலரும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

முதல் நாளே பொருள்களைப் பற்றிப் பேசினால், நாம் சந்தேகப்படுவதாக அவர் நினைத்துக்கொள்ள மாட்டாரா?

பேசும் விதத்தைப் பொறுத்தது. “பீரோவைத் தொடாதீர்கள்” என்று தொடங்கினால் எவருக்கும் மனம் சுருங்கும். அவருக்கு என்னென்ன உண்டு என்பதிலிருந்து தொடங்கினால் அப்படித் தோன்றாது. பை வைக்க ஓர் அலமாரித் தட்டு, முகம் துடைக்க ஒரு துண்டு, மதியம் சாய்ந்துகொள்ள ஒரு பாய், தலையணை, கைப்பேசிக்கு ஒரு சார்ஜர் என்று காட்டிவிட்டு, அதன்பின் எங்கள் படுக்கையறை பீரோவும் மேசை இழுப்பறையும் மட்டும் எங்கள் புழக்கத்துக்கானவை என்று சொன்னால், அதை அவர் வீட்டின் நடைமுறையாகவே எடுத்துக்கொள்வார். முதல் வாரத்தில் சொல்லும்போது அது ஏற்பாடு. ஏதோ ஒன்று நடந்து மூன்று மாதம் கழித்துச் சொன்னால் அதே சொற்கள் குற்றச்சாட்டாகக் காதில் விழும்.

எவற்றைப் பொதுவில் விடுவது, எவற்றைத் தனியாக ஒதுக்குவது?

குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்குத் தேவையான அனைத்தும் கேட்காமலே எடுக்கக்கூடியவையாக இருக்க வேண்டும். குழந்தையின் துணி, பால் புட்டி, மருந்துப் பெட்டி, சமையலறைப் பாத்திரங்கள், அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, மின்விசிறி ஆகியவற்றுக்கு ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்க வைத்தால் வேலையே நடக்காது. மே மாத வெயிலில் குழந்தை தூங்கும் அறையில் ஏசி ஓடலாமா, எத்தனை மணிக்கு அணைக்கலாம் என்பதையும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். மின்கட்டணம் வந்த பிறகு முகம் கோணுவதில் நியாயமில்லை.

சாப்பாட்டில்தான் அதிகக் குழப்பம் வருகிறது. “வீட்டில் இருப்பதைச் சாப்பிடுங்கள்” என்று தாராளமாகச் சொல்லிவிட்டு, மறுநாள் விரதத்துக்கென்று வாங்கி வைத்த பழத்தை அவர் நறுக்கிவிட்டால் கோபப்படுகிறோம். ஒதுக்க வேண்டியதை மேல்தட்டில் வைத்து, அந்தத் தட்டு மட்டும் வேண்டாம் என்று சொல்வது எளிது. காலையில் ஒரு காபி, மதியச் சாப்பாடு, மாலையில் தேநீர் ஆகியவை பேச்சில் இடம்பெறாமலே அவருக்கு உரியவை என்பது என் கருத்து.

ஒரு பெற்றோர் கேட்டார்: தனி டம்ளர், தனித் தட்டு வைப்பதும் எல்லை வகுப்பதுதானே?

இல்லை. துண்டும் சீப்பும் தனித்தனியாக இருப்பது உடல் தூய்மை சார்ந்த பழக்கம். வீட்டுக்குள் அக்கா தங்கைக்குக்கூட அப்படித்தான் வைத்திருக்கிறோம். கழுவி எடுக்கும் எவர்சில்வர் டம்ளருக்கு அந்தக் காரணம் பொருந்தாது. ஒரே சமையலறையில், ஒரே சோப்பில் கழுவப்படும் டம்ளர்களில் ஒன்றை மட்டும் பின்வாசல் மாடத்தில் கவிழ்த்து வைப்பது எங்கிருந்து வந்த பழக்கம் என்று நம் எல்லோருக்கும் தெரியும். அரசமைப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை எந்த வடிவிலும் ஒழித்திருக்கிறது. அவர் ஊட்டிவிடும் சோற்றை நம் குழந்தை உண்கிறது. அவர் வாய் வைத்த டம்ளர் மட்டும் எப்படி ஆகாததாகும்? இந்த ஒரு விஷயத்தில், வீட்டுப் பெரியவர்கள் வருந்துவார்கள் என்பதற்காக விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று உறுதியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

என் சீப்பு, பவுடர், கண்மை ஆகியவற்றை எடுத்துப் பயன்படுத்துகிறார். எப்படிச் சொல்வது?

இரண்டு பேரும் தனியாக இருக்கும்போது, அன்றைக்கே, சுருக்கமாகச் சொல்லுங்கள். “அக்கா, இந்தச் சீப்பு நான் மட்டும் வெச்சுக்கறது. உங்களுக்குப் புதுசு ஒண்ணு வாங்கி பாத்ரூம் அலமாரியில வெச்சிருக்கேன், பவுடரும் அங்கேயே இருக்கு” என்றால் போதும். காலை ஏழு மணிப் பேருந்தில் நின்றுகொண்டே வந்தவர் தலையைச் சரிசெய்துகொள்ள விரும்புவது இயல்பு என்பதால், சீப்பை மறைப்பதைவிட இன்னொரு சீப்பு வாங்குவது மேல். கணவரையோ மாமியாரையோ விட்டுச் சொல்ல வைப்பதும், குழந்தையிடம் சொல்வதுபோல் ஜாடையாகப் பேசுவதும் அவரைக் கூசவைக்கும்.

பீரோவைத் திறந்து புடவையையோ நகையையோ எடுத்துப் பார்த்தது தெரியவந்தால் அது வேறு. அப்போதும் நடந்ததை மட்டும் சொல்லி, இனி வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, பீரோவைப் பூட்டிச் சாவியைக் கையோடு எடுத்துச் செல்லத் தொடங்குங்கள். பூட்டாத பீரோவின் பொறுப்பைப் பிறர் தலையில் ஏற்றுவதும் ஒருவகை அநீதிதான்.

மாலையில் அவர் கிளம்பும்போது பையைப் பார்க்கலாமா?

கூடாது. உங்கள் கைப்பை உங்களுக்கு எப்படியோ, அவருடைய பை அவருக்கு அப்படியே. அதற்குள் மாத்திரைச் சீட்டு, மாற்றுத் துணி, சுயஉதவிக் குழுவின் தவணை அட்டை, மகளுக்கு வாங்கிய ரிப்பன் என்று அவருடைய வாழ்க்கை இருக்கிறது. தினமும் பையைத் திறந்து காட்டிவிட்டுப் போகச் சொல்லும் வீட்டில், குழந்தையிடம் மனம் ஒன்றி இருக்க எவராலும் முடியாது. அவ்வளவு ஐயம் இருக்கிறதென்றால், குழந்தையையே அவரிடம் விட்டுச் செல்வதை முதலில் மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

பையைப் பற்றிப் பேச வேண்டிய வேறொரு காரணம் உண்டு, அது குழந்தையின் பாதுகாப்பு. சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் பெரியவர்கள் போடும் மாத்திரைகளில் சில, ஒன்றிரண்டை விழுங்கினாலே சிறு குழந்தைக்கு உயிராபத்தாகக் கூடியவை. புகையிலைப் பொட்டலமும் அப்படித்தான். கற்பூரத்தை விழுங்கினால் குழந்தைக்கு வலிப்பு வரலாம். தவழும் குழந்தை தரையில் கிடக்கும் எந்தப் பையையும் துழாவும், அது அம்மாவின் கைப்பையா, பார்த்துக்கொள்பவரின் பையா என்று பாராது. எனவே குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில், பூட்டும் சாவியும் கொண்ட ஓர் அலமாரியை அவருக்கென்று ஒதுக்கி, சாவியை அவரிடமே கொடுத்துவிடுங்கள். அவர் பைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கத் தேவையில்லாமலே அந்த ஆபத்து விலகிவிடும். உங்கள் கைப்பையையும் அன்றிலிருந்து சோபாவில் போடாதீர்கள்.

குழந்தை போட்டிருக்கும் நகைக்கு யார் பொறுப்பு?

நான் அறிந்தவரை, குழந்தையைப் பார்த்துக்கொள்பவர்மேல் பழி விழுந்த நிகழ்வுகளில் பல, குழந்தையின் சின்ன நகையில்தான் தொடங்கின. காதணியின் திருகாணி எண்ணெய்க் குளியலின்போது தளரும். தலையைத் துவட்டும் துண்டில் அது சிக்கிக் கழன்று, குளியலறைச் சல்லடை மூடிக்கு அடியில் போய்விழும். வெள்ளிக் கொலுசின் கொக்கி அகன்றுவிட்டால், தேவனாம்பட்டினக் கடற்கரை மணலில் அரை மணி நேரம் விளையாடினாலே போதும், எங்கே விழுந்தது என்று தெரியாது. ஆளை ஐயப்படுவதற்கு முன் கொக்கியையும் திருகாணியையும் பாருங்கள்.

அன்றாடம் தங்கம் போடாமலிருப்பதே சிறந்தது. காது குத்திய பிறகு போட்டே ஆக வேண்டும் என்றால், காலையில் குழந்தையை ஒப்படைக்கும்போது “காதுல ரெண்டு தோடு, கால்ல கொலுசு இருக்கு அக்கா” என்று வாயால் சொல்லிக் கொடுங்கள். மாலையில் அவரும் அப்படியே சொல்லித் திருப்பிக் கொடுக்கட்டும். குளிப்பாட்டும்போது கழற்றினால் வைப்பதற்கு ஒரே ஒரு கிண்ணம், ஒரே இடம் என்று வைத்துக்கொண்டால், அவருக்கும் நிம்மதி. மாசிமகம், பிறந்தநாள் போன்ற நாள்களில் போட்ட சங்கிலியை அன்றிரவே கழற்றிப் பூட்டுங்கள்.

நான் ஒன்றை எடுக்கலாம் என்கிறேன், மாமியார் கூடாது என்கிறார். வேலைக்கு வருபவர் யார் பேச்சைக் கேட்பது?

அவரை அந்த இக்கட்டில் நிறுத்தக்கூடாது. பெரியவர்களோடு முதலில் நீங்கள் பேசி முடித்து, வீட்டின் சார்பில் ஒருவர் மட்டும் சொல்லுங்கள்.

அவருடைய செல்போன் எங்கள் வீட்டில் இருக்கும்போது அதற்கு என்ன விதி?

அது அவருடைய சொத்து. வாங்கிப் பார்க்கவோ, வாட்ஸ்அப்பைத் திறந்து காட்டச் சொல்லவோ நமக்கு உரிமை இல்லை. குழந்தை விழித்திருக்கும் நேரத்தில் வேடிக்கைக் காணொளி பார்க்க வேண்டாம் என்று கேட்பது வேலை சார்ந்தது; அதை நேராகக் கேட்கலாம். குழந்தையின் படத்தை அவர் அன்பினால் ஸ்டேட்டஸில் வைப்பார். பின்னால் வீட்டு வாசலும் கதவு எண்ணும் தெரியும், நீங்கள் வீட்டில் இல்லாத நேரமும் தெரியும். “பாப்பா படத்த எனக்கு மட்டும் அனுப்புங்க அக்கா, ஸ்டேட்டஸ்ல வேணாம்” என்று காரணத்தோடு சொன்னால் மறுக்கமாட்டார்.

பெற்றோர் தரப்பில் நடக்கும் மீறல் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். குழந்தை சாப்பிட அடம்பிடிக்கும்போது அவருடைய போனில் பாட்டு போட்டுக் காட்டச் சொல்வதும், வீடியோ காலில் குழந்தையைக் காட்டச் சொல்வதும் அவருடைய டேட்டாவைத்தான் தின்கின்றன. வீட்டு வைஃபையின் கடவுச்சொல்லைக் கொடுங்கள், அல்லது மாத ரீசார்ஜை நீங்களே செய்யுங்கள். குழந்தை அந்தப் போனைக் கீழே போட்டு உடைத்தால் திரையை மாற்றித் தருவது உங்கள் கடமை.

கேமரா வைக்கலாமா?

கூடத்திலும் குழந்தை விளையாடும் இடத்திலும் வைக்கலாம், அவரிடம் சொல்லிவிட்டு. எந்தெந்த இடத்தில் இருக்கிறது, ஒலியும் பதிவாகிறதா என்பதைச் சொல்லுங்கள். அவர் உடை மாற்றும் அறை, படுத்து உறங்கும் இடம், குளியலறை ஆகியவற்றில் கூடவே கூடாது. பெண்ணின் அந்தரங்கச் செயல்களை அவர் அறியாமல் பார்ப்பதும் படமெடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் தண்டனைச் சட்டத்தின் 77-ஆவது பிரிவின்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

பாதுகாப்புக்காக அவருடைய ஆதார் அட்டையை வாங்கி வைத்துக்கொள்வது வழக்கம்தானே? சம்பளத்தையும் சேர்த்து வைத்துத் தரச் சொல்கிறார்.

அடையாளத்தைச் சரிபார்க்க நகல் போதும். ஆதார் எண்ணின் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை அவரே பதிவிறக்கித் தரலாம். அசலை வாங்கி வைத்தால், ரேஷன் கடையிலிருந்து வங்கி வரை எல்லாவற்றுக்கும் அவர் உங்களிடம் கையேந்த நேரிடும். வீட்டுப் பணியாளர்கள் தம் அடையாள ஆவணங்களைத் தாமே வைத்திருக்க உரிமை உண்டு என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2011-இல் நிறைவேற்றிய 189-ஆவது உடன்படிக்கை கூறுகிறது. இந்தியா அதை ஏற்புறுதி செய்யவில்லை; ஆயினும் நம் வீட்டில் பின்பற்றத் தடையேதும் இல்லை. கடலூர்ப் பக்கத்தில் இருப்பவர் தமிழ்நாட்டின் வீட்டுப் பணியாளர் நல வாரியத்தில் பதிந்து பெற்ற அட்டைக்கும் இது பொருந்தும்.

சம்பளத்தைச் சேர்த்து வைக்கும் வேண்டுகோளுக்குப் பின்னால், பணம் கைக்கு வந்தால் தம் வீட்டில் பறித்துவிடுவார்கள் என்ற அச்சம் இருக்கக்கூடும். நல்லெண்ணத்தோடு ஒப்புக்கொண்டாலும், கணக்கில் நூறு ரூபாய் முன்னே பின்னே ஆனால் உறவு கெடும். அவர் பெயரில் மட்டும் அஞ்சலகத்தில் ஒரு சேமிப்புக் கணக்கோ தொடர் வைப்புக் கணக்கோ தொடங்க அரை நாள் விடுப்புக் கொடுத்து, உடன் சென்று உதவுங்கள். அவருடைய நகையை உங்கள் பீரோவில் வாங்கி வைப்பதையும் இதே காரணத்துக்காகத் தவிர்க்கலாம்.

மழை நாளில் வீட்டிலேயே தங்க நேர்ந்தால் துணிமணிக்கு என்ன செய்வது? பழைய புடவைகளைக் கொடுப்பதில் ஏதேனும் முறை உண்டா?

ஐப்பசி, கார்த்திகையில் நம் கடற்கரைக்கு இது அடிக்கடி வரும் நிலை. 2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது பெய்த மழையில், தெருவுக்குத் தெரு தண்ணீர் நின்று எவரும் எங்கும் போக முடியாமல் போனது. அப்படிப்பட்ட நாளுக்கென்று ஒரு நைட்டி, துண்டு, போர்வை, பல் துலக்கி, சானிட்டரி நாப்கின் ஆகியவற்றை அவர் அலமாரியிலேயே முன்கூட்டி வைத்துவிட்டால், நனைந்த உடையோடு நின்று கேட்கும் சங்கடம் அவருக்கு இராது. குடையையும் ஒன்று கூடுதலாக வாங்கி வையுங்கள். அது திரும்பி வரவில்லை என்றாலும் விசாரிக்காதீர்கள்.

கொடுத்த பொருள் கொடுத்ததுதான். தீபாவளிக்குக் கொடுத்த புடவையை அவர் தங்கைக்குக் கட்டிவிட்டாலும், விற்றாலும், அதைப் பற்றிக் கேட்க நமக்கு இடமில்லை. கிழிசலைக் கொடுக்காதீர்கள். கொடுக்கும்போது வீட்டிலுள்ள எல்லோருக்கும் தெரியும்படி கொடுங்கள், இல்லாவிட்டால் “அது அத்தையோட புடவையாச்சே” என்று ஒருவர் கேட்டு, அவர் தலைகுனிய நேரும். இரவலாகக் கொடுத்தால் இரவல் என்று அப்போதே சொல்லிவிட வேண்டும்.

பாத்திரமோ பொருளோ உடைந்தால் சம்பளத்தில் பிடிக்கலாமா?

வேண்டாம். குழந்தை இருக்கும் வீட்டில் பொருள் உடையும். விலை மிகுந்தது எதையும் அவர் தூசி தட்ட வேண்டிய இடத்தில் வைக்காதீர்கள். பணம் பிடிக்கப்படும் என்ற பயம் வந்துவிட்டால், அடுத்த முறை குழந்தை கீழே விழுந்ததைக்கூட அவர் சொல்லத் தயங்குவார்.

பொருள் ஒன்று காணவில்லை. என்ன செய்வது?

முதலில் தேடுங்கள். கடைசியாக எப்போது, யார் கையில், எந்த இடத்தில் பார்த்தோம் என்பதை வீட்டார் எல்லோரும் சேர்ந்து நினைவுகூர்ந்து எழுதுங்கள். துவைக்கும் இயந்திரத்தின் ரப்பர் வளையம், மெத்தை இடுக்கு, குழந்தையின் பொம்மைக் கூடை, வங்கி லாக்கர் என்று எல்லா இடத்தையும் பார்த்தபின், “தோடு ஒண்ணு காணோம் அக்கா, நீங்க எங்கயாவது பாத்தீங்களா?” என்று, உறவினர் எவரையும் சாட்சிக்கு நிறுத்தாமல், மற்றவர்களிடம் கேட்ட அதே குரலில் கேளுங்கள். பால்காரர், மின்பழுது பார்க்க வந்தவர், விருந்துக்கு வந்த சொந்தக்காரர் ஆகியோரும் அதே வீட்டுக்குள் வந்து போனவர்கள்தாம். வேலைக்கு வருபவரை மட்டும் முதலில் நினைப்பது நம் பழக்கத்தின் கோளாறு.

செய்யவே கூடாதவை சில. பையைப் பிடுங்கிக் கொட்டுவது, உடலைச் சோதிப்பது, கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொல்வது, வெற்றிலையில் மை போட்டுப் பார்த்ததில் உன் முகம் தெரிந்தது என்று மிரட்டுவது, உண்மையைச் சொல்லும் வரை போகவிடாமல் அறையில் நிறுத்துவது ஆகியவை இன்றும் நடக்கின்றன. காவல்துறைகூட ஒரு பெண்ணை இன்னொரு பெண்ணைக் கொண்டே, கண்ணியம் குறையாமல் சோதிக்க வேண்டும் என்பது சட்டம். நமக்கு அந்த அதிகாரம் துளியும் இல்லை. ஒருவரை வெளியேற விடாமல் அடைத்து வைப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 127-ஆவது பிரிவின்படி ஓராண்டு வரை சிறை பெறத்தக்க குற்றம்.

உண்மையிலேயே திருட்டு நடந்திருப்பதாகக் கருதினால் காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுக்கலாம். என்ன காணவில்லை, எப்போது கடைசியாகப் பார்த்தீர்கள், யார் யார் வந்து போனார்கள் என்ற விவரங்களை மட்டும் எழுதுங்கள். தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 306-ஆவது பிரிவு, வேலை செய்யும் வீட்டில் பணியாளர் செய்யும் திருட்டுக்கு 7 ஆண்டு வரை சிறை விதிக்கிறது. அவ்வளவு கடுமையான பழி, வெறும் ஊகத்தின் பேரில் ஒருவர்மேல் விழக்கூடாது. விசாரணையில் சாட்சியாக ஒரு பெண்ணிடம் கேட்பதாக இருந்தால், அவர் வசிக்கும் இடத்திலேயே கேட்க வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 179-ஆவது பிரிவு சொல்வதையும் அவருக்குத் தெரிவியுங்கள்.

தொலைந்த பொருள் பிறகு வீட்டிலேயே கிடைத்துவிட்டால், அவரைக் கேட்டது யார் யார் முன்னிலையிலோ அவர்கள் முன்னிலையிலேயே கிடைத்துவிட்டது என்று சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை. கிடைத்ததையே சொல்லாமல் விட்டு, அந்தப் பெண்ணைக் காலமெல்லாம் பழியோடு நடமாட விட்ட வீடுகளும் உண்டு. அதை எண்ணினால் எனக்கு வேதனையாக இருக்கிறது.

வேலைக்கு வரும் பெண் ஒருவர் கேட்டது: வீட்டுப் பாட்டி என் டிபன் பாக்ஸைத் திறந்து பார்க்கிறார், என் பையைத் துழாவுகிறார். நான் எப்படிச் சொல்வது?

பாட்டியிடம் நேராக மோத வேண்டாம். குழந்தையின் தாயிடமோ தந்தையிடமோ, வேலைக்கு உங்களை அமர்த்தியவர் எவரோ அவரிடம், “என் பைய வைக்க பூட்டு போட்ட எடம் ஒண்ணு குடுங்கம்மா, சாவி என்கிட்ட இருக்கட்டும்” என்று கேளுங்கள். யாரையும் குறை சொல்லாமலே காரியம் முடியும். அதிகப் பணமும் நகையும் கொண்டு வராதீர்கள். கழுத்துத் தாலியையும் தோட்டையும் கழற்றி எங்கும் வைக்காதீர்கள். நீங்கள் எடுத்துச் செல்லும் பொருள் எதையேனும் அவர்கள் கொடுத்தார்கள் என்றால், அன்றைக்கே “இந்தப் பாத்திரம் குடுத்தீங்களே, எடுத்துட்டுப் போறேன்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பி வையுங்கள். கேட்டும் இடம் தராமல் பை தொடர்ந்து துழாவப்படுமானால், அந்த வீட்டில் நெடுநாள் இருப்பது உங்களுக்கு நல்லதில்லை.

வேலையை விட்டு நிற்கும்போது என்ன செய்ய வேண்டும்?

வீட்டுச் சாவி, கேட் சாவி, நீங்கள் வாங்கித் தந்த போன் இருந்தால் அது, குழந்தையின் மருத்துவ அட்டை ஆகியவற்றைப் பெற்றுக்கொண்டு, அவருடைய அலமாரியை அவரே காலி செய்ய விடுங்கள். திடீரென்று நின்றுவிட்டார், பொருள்கள் இங்கேயே இருக்கின்றன என்றால், பூட்டை உடைக்காமல் அவரை அழைத்து, வர முடியாவிட்டால் யாரிடம் கொடுத்தனுப்பலாம் என்று கேளுங்கள். சம்பள பாக்கியைத் தீர்ப்பதற்குப் பொருள்களைப் பிணையாக வைக்க வேண்டாம். பாக்கியும் பொருளும் ஒரே நாளில் அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். குழந்தை அவர் நினைவாக வைத்துக்கொள்ள ஏதாவது கேட்டால், அவர் சம்மதித்துக் கொடுப்பதை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.